கிளட்சை மிதித்த கால்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் இரும்பாலையில் ஒரு பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போனால்தான் அதற்கு வேலை. கரண்ட் இப்போதெல்லாம் அவ்வளவாகப் போவதில்லை. அதனால் வாரத்தில் ஒரு நாள் அதை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஆயிலும் பேட்டரியும் பார்த்து அணைத்துவிடுவேன். இருபது வருஷமாக இதைச் செய்கிறேன். ஒரு தடவைகூட அது ஓடாமல் நின்று என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. அதனால் எனக்குத் திமிர் ஏறிப்போயிருந்தது. மிஷினைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்ற திமிர்.

என் அண்ணன் மாரடைப்பில் போனபோது அவர் விட்டுவிட்டுப் போனது இரண்டு ஏக்கர் நிலம், இரண்டு மாடு, ஒரு பழைய டிராக்டர். ஊர், புதுவாயலிலிருந்து பெரியபாளையம் போகும் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது. அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் இருக்கும்போதே அந்த டிராக்டருக்கு வேலை குறைந்துவிட்டது. அறுவடைக்குப் பெரிய மிஷின் வருகிறது. உழவுக்கு வாடகை டிராக்டர் வருகிறது. சொந்த வண்டி வருஷத்தில் நாலைந்து நாள் ஓடினால் அதிகம். அண்ணன் மட்டும் அதை ஏதாவது சாக்கு வைத்துத் தினமும் வெளியே எடுப்பார். எருவுக்கு என்பார், வைக்கோலுக்கு என்பார். ஒன்றும் இல்லையென்றால் ஏரிக்கரை வரை போய்விட்டு வருவார். டீசலுக்குப் பிடித்த தண்டம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

காரியம் முடிந்த அன்றே நான் சொல்லிவிட்டேன். வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், சாவி என்னிடம் இருக்கட்டும் என்று. அண்ணி கொடுத்துவிட்டார். ஊர்ப் பையன்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று காரணம் சொன்னேன். அது பொய். அண்ணிக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து பீடி குடிக்க, அண்ணி சேற்றில் வண்டியைத் திருப்புவதை நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் இருந்தபோது அது விளையாட்டு. அவர் போன பிறகு அண்ணி வண்டி ஓட்டினால், கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருந்தும் பொம்பளை ஓட்டுகிறாளே என்று என்னைத்தான் கேட்பார்கள். அதற்காகத்தான் சாவியைப் புதுவாயலில் என் வாடகை வீட்டு ஆணியில் மாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். இந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. டயருக்குக் காற்று பார்ப்பேன். பேட்டரி முனையில் கிரீஸ் தடவுவேன். எலி வயரைக் கடிக்காமல் இருக்க நாப்தலின் உருண்டை போடுவேன். புகைக்குழாய் வாயில் மழை இறங்காமல் டப்பா கவிழ்ப்பேன். ஹோஸ் பிடித்து அடியில் இருக்கும் சேறு போகக் கழுவுவேன். பிறகு சாவி போட்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பேன். ஒரு அடிகூட நகர்த்த மாட்டேன். நகர்த்தி என்ன ஆகப்போகிறது?

அண்ணி ஒரு தடவை கேட்டார். நாஷ்டா தட்டை என் முன்னால் வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"நின்ன எடத்துலயே உறுமினு கீதே தம்பி. உங்க அண்ணன் இருக்கசொல்ல ஒரு ரவுண்டு உட்டுட்டு வருவாரு."

"அண்ணி, நான் இருவது வருஷமா மிஷின் பாக்கறவன்."

"அது சரி. நிக்கற மிஷினு. இது நடக்கற மிஷினாச்சே."

"இட்லி சூடா இருந்தா ரெண்டு வைங்க" என்றேன். அதோடு முடித்தேன்.

அவர் சொன்னதில் இருந்த உண்மை எனக்கு எட்டாதது இல்லை. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஜெனரேட்டருக்குக் கிளட்ச் கிடையாது. டிராக்டருக்கு உண்டு. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. கிளட்சை மிதித்தால் அந்தத் தட்டு எஞ்சினை விட்டு விலகும். எஞ்சின் ஓடினாலும் வண்டி நிற்கும். மாதக்கணக்கில் யாரும் மிதிக்காமல், ஈரத் தரையில், வாராவாரம் ஹோஸ் தண்ணீரும் குடித்துக்கொண்டு நின்றால், அந்தத் தட்டு துருப்பிடித்து எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு என்ன மிதித்தாலும் விலகாது. நிறுத்தும்போது ஒரு கட்டையைக் கொடுத்துக் கிளட்சை அமுக்கியே வைத்தால் போதும், ஒட்டாது. ஓட்டத் தெரிந்தவன் எவனும் சொல்வான். நான் எவனையும் கேட்கவில்லை.

மார்கழியில் மழை விட்டதும் ஏரி நிறைந்து, ஊரில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் சேடை ஓட்ட வேண்டும். சேடை என்றால் தண்ணீர் கட்டிச் சேறாக உழுவது. அது ஆனால்தான் நடவு. வாடகைக்கு ஓட்டுகிறவர் எங்கள் எதிர்வீட்டுப் பங்காளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் மட்டும் இருபது வயது மூத்தது. அண்ணி தினமும் போய்க் கேட்டார். அவரும் தினமும் நாளைக்கு என்றார். அண்ணியின் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது, விளைச்சல் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அண்ணனுடைய பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு கொட்டகையில் நின்றார்.

"சாவிய குடு தம்பி."

"நான் ஓட்டறேன் அண்ணி."

"நீ சேத்துல ஓட்டி கீறியா?"

இல்லை. ரோட்டில் நாலு தடவை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

"சொந்த வண்டிய ஊட்ல வச்சிக்கினு அந்தாளு வாசல்ல போய் தெனம் நிக்கறேன். எனக்கு மானமில்லயா? குடு."

கொடுத்தேன். கொடுக்கும்போதும் பெருமை அடித்துக்கொண்டுதான் கொடுத்தேன். "நான் பாத்து வச்ச வண்டி. தொட்டா ஓடும்" என்றேன்.

தொட்டதும் ஸ்டார்ட் ஆனது உண்மைதான். அண்ணி கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினார். கறகறவென்று சத்தம். கியர் விழவில்லை. மறுபடி தள்ளினார். அதே சத்தம்.

"கியர் உழ மாட்டேங்குது தம்பி. இன்னாவோ புடிக்கிது."

அந்தச் சத்தத்தை ஆலையில் ஒரு மிஷினில் கேட்டிருந்தால் உடனே அணைத்துத் திறந்து பார்த்திருப்பேன். எதிர்வீட்டு வாசலில் பங்காளி பல் குச்சியோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் என் வண்டி கறகறப்பது எனக்கு அசிங்கமாக இருந்தது. அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

"ஆஃப் பண்ணுங்க. கியர போட்டுட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்ச்ச மட்டும் உட்றாதீங்க" என்றேன்.

பழைய வண்டி. கியர் விழுந்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். நான் இடது பக்கம், பெரிய சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றேன். அண்ணி நான் சொன்னதைச் சொன்னபடி செய்தார். கியரைப் போட்டார். கிளட்சை அடிவரைக்கும் மிதித்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சாவியைத் திருப்பினார்.

வண்டி குதித்துப் பாய்ந்தது. கொட்டகையை விட்டு வெளியே வந்து, தெருவைத் தாண்டி, பங்காளியின் சுற்றுச்சுவரில் போய் முட்டி, அதில் ஒரு பாகத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. எல்லாம் நாலைந்து நொடி. அண்ணி ஸ்டீயரிங்கில் மோதிப் பக்கவாட்டில் விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. வாயில் ரத்தம்.

அந்த நாலைந்து நொடியில் நான் பார்த்தது அவர் கால். விரல் மடங்கி, முழங்கால் நீட்டி, கிளட்ச் மீது முழுசாக அமுங்கி இருந்தது. சுவரில் முட்டும் வரைக்கும் எடுக்கவில்லை. கிளட்சை மிதித்தால் வண்டி நிற்கும் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்ததை நம்பி மிதித்துக்கொண்டே இருந்தார். நான் நின்ற பக்கம் வேறு யாரும் நிற்கவில்லை. அந்தக் காலைப் பார்த்தது நான் ஒருத்தன்தான்.

தெருவே கூடிவிட்டது. பங்காளி முதலில் தன் சுவரைப் பார்த்தார். பிறகுதான் அண்ணியைப் பார்த்தார்.

"பால் கறக்கறவளுக்கு இன்னாத்துக்குடா டிராக்டரு? கிளட்ச்ச உட்டுட்டா பாரு! பொம்பள கால் மாட்டுச் சாணி மிதிக்கத்தான் லாயக்கு."

யாரோ சிரித்தார்கள். அண்ணி தரையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பங்காளி என் பக்கம் திரும்பினார்.

"இன்னாப்பா, கம்பெனில மிஷின் பாக்கறவன். நீயாவது சொல்லக் கூடாது?"

"சொன்னேன். கேக்கல" என்றேன்.

இரண்டே வார்த்தை. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் காரில் கூட்டிப்போய்க் கட்டு போட்டோம். வழி முழுக்க அண்ணி ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "மிதிச்சா மாரிதான் தம்பி இருந்துச்சு. எப்ப எடுத்தேன்னே தெரியல." நான் ஜன்னல் பக்கம் திரும்பி, "உடுங்க அண்ணி, உயிருக்கு ஒன்னும் ஆவலயே" என்றேன். பெரிய மனசுக்காரன் மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தேன். ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஒடியாக்காரரைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். தட்டு எஞ்சினோடு ஒட்டிக்கிடந்தது. உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தோம். தட்டின் அச்சு அப்படியே எஞ்சின் பக்கத்தில் துருவாகப் பதிந்திருந்தது. ஒடியாக்காரர் விரலால் தடவிப் பார்த்து, "அண்ணா, யாரும் மிதிக்கல இது. ரொம்ப நாள்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

அண்ணி கழுத்தில் தொங்கும் கையோடு, மறு கையில் டீ டம்ளரைக் கொண்டுவந்தார். ஒரு டம்ளர் வைத்துவிட்டு, திரும்பிப் போய் இன்னொன்று கொண்டுவந்தார்.

"உள்ள இன்னா ஆச்சு தம்பி?"

"ஒன்னுமில்ல அண்ணி. ப்ளேட்டு பழசு. மாத்திடறேன்."

பழைய தட்டை ஒரு பையில் போட்டு ஆலைக்கு எடுத்துப்போனேன். உலைக்குப் போகும் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். வீட்டுக் குப்பையில் போட்டிருக்கலாம். எறிந்ததை நின்று பார்த்தேன் வேறு.

கை கூடிவிட்டது. ஆனால் அண்ணி மாறிப்போனார். அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. காலையில் பால் கேனை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார், மத்தியானம் பெரியபாளையம் போய்த் தவிடு வாங்கி வருவார். அதைத் தொடவே இல்லை. மொபெட்டுக்குக் கிளட்ச்சே கிடையாது என்றேன். "என் காலு எங்கிட்ட இல்ல தம்பி. எந்த நேரத்துல இன்னா பண்ணும்னு தெரியல" என்றார். கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போனார். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது அவர் ரோட்டோரமாக நடந்து போவதைப் பார்த்தேன். பஸ் ஹாரன் அடித்ததும் மிரண்டு பள்ளத்தில் இறங்கி நின்றார். சேற்றில் டிராக்டரைத் திருப்பிய பொம்பளை. நான் சீட்டில் குனிந்துகொண்டேன்.

அந்தப் போகம் வாடகை வண்டி கிடைத்து நடுவதற்குள் நாற்று முற்றி, நெல் பாதிகூடத் தேறவில்லை. அடுத்த போகம் நிலம் சும்மா கிடந்தது. ஆவணியில் நான் போனபோது அண்ணி சொன்னார், நிலத்தைப் பங்காளிக்கே குத்தகைக்கு விடுவதாக. மறுநாள் அவர் ஏர் இறக்கப் போகிறார்.

"எனக்கு இனிமே ஆவாது தம்பி. கால நம்பாதவ சேத்துல இறங்கக் கூடாது."

எட்டு மாதமாக எனக்கு வராத சூடு அப்போது வந்தது. நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தப் பங்காளி என் அண்ணன் நிலத்தில் இறங்குவதை என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் என்னைப் பேசவைத்தது.

"அண்ணி, அன்னிக்கு நீங்க கிளட்ச்ச உடல. அமுக்கினுதான் இருந்தீங்க. நான் பாத்தேன்."

அவர் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளியை வைத்தார்.

"இன்னா சொல்றே?"

எல்லாவற்றையும் சொன்னேன். நகர்த்தாமல் ஓடவிட்டது, தட்டு ஒட்டியது, கியர் கறகறத்தபோதே நான் கண்டுபிடித்திருக்க வேண்டியது, பழைய தட்டை உலைக்கு எறிந்தது. கையைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"கால் அன்னிக்கே பாத்தேன். ப்ளேட்டு அடுத்த வாரம்."

"எட்டு மாசம்." அவர் குரல் உயரவில்லை. "எட்டு மாசமா படுத்தா இந்தக் கால ஆட்டி ஆட்டிப் பாக்கறேன் நானு. பைத்தியம் புடிச்சவ மாரி. நீ வாரா வாரம் வந்து என் கையால துன்னுட்டுப் போயிக்கினு இருந்தே. 'சொன்னேன், கேக்கல'ன்னு சொன்னியே, அதையும் நான் கீழ உக்காந்து கேட்டுக்கினுதான் இருந்தேன். நீ ஸ்டார்ட் பண்ணுன்னதுதான் காதுல இருந்துச்சு. நீ எப்ப வேணான்னு சொன்னியோன்னு யோசிச்சு யோசிச்சு, சொல்லியிருப்பான், நமக்குத்தான் காதுல உழலன்னு நெனச்சுக்கினேன்."

வாளியை மறுபடி கையில் எடுத்தார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? சிரிச்சாங்களே, அவங்ககிட்ட போய் சொல்லு."

போனேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில் பங்காளியும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். தப்பு என்னுடையது, அண்ணி கிளட்சை விடவில்லை, தட்டு துருப்பிடித்து ஒட்டியிருந்தது என்று. பங்காளி டீயை ஊதிக் குடித்தார்.

"நல்ல கொழுந்தன்பா நீ. அண்ணிக்கு வக்காலத்து வாங்கறே. வாங்கு, தப்பில்ல. நெலம் கைமாறப் போவுதுன்ன உடனே ஞாபகம் வந்துடுச்சா?"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"அந்த ப்ளேட்டு எங்க? காட்டு."

"உலைல போட்டுட்டேன்."

"யாரு பாத்தது?"

"கூட ஒரு ஒடியாக்காரர் இருந்தாரு. ஊருக்குப் போய்ட்டாரு."

கடை முழுக்கச் சிரித்தது. டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ப்ளேட்டு உருகிடுச்சு, சாட்சி ரயிலேறிடுச்சு!" என்றார் ஒருவர். பொய் சொன்ன அன்று ஒருத்தர்கூட என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை.

திரும்பி வந்தேன். அண்ணி கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன். யாரும் நம்பல."

"எப்டி நம்புவாங்க? எனக்கே நம்பிக்க வரல. என் மேல எரக்கப்பட்டுச் சொல்றியோன்னு இருக்குது." வண்டிப் பக்கம் திரும்பினார். "இப்ப கிளட்ச்சு சரியா கீதா?"

"சரியா இருக்குது. வாரா வாரம் நவுத்தறேன். கட்ட குடுத்து அமுக்கி வச்சிருக்கேன்."

"சாவிய குடு. கட்டைய எடு. அன்னிக்கு இன்னா பண்ணேனோ அதையே பண்றேன். கியர் போட்டுட்டு ஸ்டார்ட் பண்றேன். நீ எதிர்ல போய் நில்லு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. போய் வண்டியின் முகத்துக்கு நாலடி முன்னால் நின்றேன். வேலை சரியாகச் செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். முன்பும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன்.

கியர் விழும் சத்தம் கேட்டது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் பிடித்தது. வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு அங்குலம் நகரவில்லை. அண்ணி கண்ணைத் திறந்தார். தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. என்னை நகரச் சொல்லவும் இல்லை. சத்தம் கேட்டு எதிர்வீட்டில் இருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். டீக்கடையிலிருந்து பங்காளியும் வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் அண்ணி கிளட்சை மிதித்தபடியே இருந்தார், நானும் முன்னால் நின்றபடியே இருந்தேன். கால் வலித்திருக்கும். எடுக்கவில்லை.

பிறகு, "தள்ளிக்கோ" என்றார்.

தள்ளி நின்றேன். மெதுவாகக் காலை எடுத்தார். வண்டி தெருவில் திரும்பி வயல் பக்கம் போனது. பங்காளி, "இன்னிக்கு ஏதோ ஓட்டிட்டா" என்றார். இன்றைக்கும் ஊரில் அந்தக் கதை பழைய மாதிரிதான் சொல்லப்படுகிறது. நான் திருத்துகிறேன். என் முகத்துக்கு நேரே தலையாட்டுகிறார்கள்.

குத்தகைப் பேச்சு நின்றது. அண்ணி அந்தப் போகம் தானே சேடை ஓட்டி நட்டார். சாவியைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். வண்டி கொட்டகையில் இல்லை, வெளியே போயிருந்தது. மூன்றாவது வாரம் அண்ணி போனில் சொன்னார், ஆயில் மாற்றும்போது கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் வர வேண்டாம் என்று. சாப்பிட வா என்று சொல்லவில்லை.